தொங்கற் கணக்கு

கந்தோர் கோட்டையிலிருந்து ராஜகிரியவுக்கு மாறுகிறது.
வெள்ளிக்கு முன் லாச்சியைக் காலி செய்யச் சொன்னார்கள்.
பதினேழு வருட லாச்சி.
இழுத்தால் பாதியில் சிக்கும்,
முழங்காலால் ஓர் இடி கொடுத்தால் திறக்கும்,
அந்த வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும்.

உள்ளே
மை காய்ந்த முத்திரைப் பெட்டி,
ஃபர்ஹானாவின் கல்யாணக் கார்ட்,
பனடோல் அட்டையில் இரண்டு மிச்சம்,
ரப்பர் வளையம் போட்ட நூறாம் இலக்க பஸ் டிக்கெட்டுகள்,
எல்லாவற்றுக்கும் கீழே
மூன்று படிவங்கள்.

சிங்களம் எழுதப் பழகும் வகுப்பு, மாலை ஐந்தரை.
கணக்காளர் பரீட்சை, இரண்டாம் கட்டம்.
கணினி, ஆறு சனிக்கிழமைகள்.
மூன்றுக்கும் கம்பனி காசு கட்டும்.
மூன்றிலும் ரணவீர சேர் கையெழுத்து வைத்திருக்கிறார்,
பச்சை மையில், வழக்கம்போலக் கடைசி எழுத்தை இழுத்து.
விண்ணப்பதாரி என்ற கோட்டில் மட்டும்
ஒன்றுமில்லை.

அந்த மனுசன் என்னை வளர விடேல்ல என்று
வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டுகிறவனுக்கும் சொல்லியிருக்கிறேன்.
அவன் பாரையின் தலையைத் தனியே வைத்தபடி
ஓம் அக்கா என்றிருக்கிறான்.

பரீட்சை மீதி பொருந்தாத நாட்களில்
யாருடையதென்று தெரியாத வித்தியாசத்தைத்
தொங்கற் கணக்கில் போடுவோம்.
தற்காலிகம்தான், ஆளைப் பிடிக்கும் வரை.
நானும் போட்டுப் போட்டு வைத்திருந்தேன்.
நான் வவுச்சர் எழுதப் பழக்கிய இரேஷா
கண்ணாடி அறைக்குள் போனது,
அப்பா கொமர்ஸ் படி என்றது,
நாடு, மொழி, நாட்கள்.

அதில் எல்லாம் பொய்யில்லை.
முதல் படிவத்தின் திகதி இரண்டாயிரத்து எட்டு.
அடையாள அட்டையை நீட்டியபடி
சாவடி சாவடியாய் நின்ற பின்னேரங்கள்.
ஐந்தரைக்கு யார் வகுப்புக்குப் போவது?
அந்தக் கடனாளியின் பெயர் எனக்குத் தெரியும்.
அது இன்னும் வர வேண்டிய காசு.
ஒரு சதமும் பதிவழிக்க மாட்டேன்.

ஆனால் அந்த ஆறு சனிக்கிழமைகள்?
அன்று சாவடி இல்லை. மழைகூட இல்லை.
ரிவியில் நாடகம் ஓட
நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
அந்தப் பரீட்சை?
பெயில் விட்டால் இரேஷாவுக்குத் தெரிந்துவிடும்,
அவ்வளவுதான்.
அதை எந்தப் பேரேட்டில் போடுவது?

பேனையை எடுத்து, காலாவதியான அந்த இரண்டின்
வெற்றுக் கோட்டிலும் என் பெயரை எழுதினேன்.
பத்மலோஜினி செல்லையா.
எங்கும் போய்ச் சேராத கையெழுத்து.
ஆனாலும் கை கொஞ்சம் நடுங்கியது.

புதுப் படிவம் கேட்கப் போனேன்.
'இப்ப கம்பனி காசு கட்டுறேல்ல அக்கா' என்றான் பொடியன்.
'நான் கட்டுறன்' என்றேன்.
சீட்டுக்காசு. பிரிட்ஜ் வாங்க வைத்திருந்தது.

பம்பலப்பிட்டியில், போன் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி.
பக்கத்துக் கதிரைப் பெட்டைக்குப் பத்தொன்பது வயது;
முதல் நாள் என்னை மிஸ் என்று நினைத்து எழும்பி நின்றாள்.
இருவரும் சிரித்தோம். எனக்குத்தான் அது நெடுநேரம் சுட்டது.

முதல் மாதிரிப் பரீட்சை, முப்பத்தெட்டு.
கேள்வி கஷ்டம் என்று சொல்ல வாய் எடுத்தேன்.
பாடம் எடுத்த விதம் சரியில்லை என்று,
மின்விசிறிச் சத்தம் என்று,
பழைய லாச்சி தன்பாட்டில் திறந்தது.
முழங்காலால் தள்ளி மூடினேன்.
இரண்டாம் அத்தியாயம் நான் படிக்கவில்லை.

தெகிவளை ரயில் வருகிறது.
கடல் பக்கம் முழுக்க ஆட்கள்.
ஒரு கையில் கம்பி, மற்றக் கையில் புத்தகம்,
உப்புக் காற்று பக்கத்தைப் பிரட்டப் பார்க்கிறது,
பெருவிரலால் அமத்திக்கொள்கிறேன்.
இரண்டு ஸ்டேசன்தான்.
மூன்று பக்கம் போகும்.