தானாப் பாத்தா

பெட்டியில் வந்த பதினோரு படப் புத்தகங்களில்
எனக்குப் படிக்க ஓர் எழுத்துகூட இல்லை.
வேலைக்காகச் சேலம் வந்து ஊர் திரும்பிய குடும்பம் ஒன்று
அம்மாபேட்டைக் கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது.
பதிவேட்டில் மொழி: ஜப்பான்.
பயன்பாடு: என்ன எழுதுவது? விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை கதை நேரம்.
பக்கத்தின் மேல் கைபேசியைப் பிடித்தால்
தனக்குத் தெரிந்த தமிழில் அது ஒப்பிக்கும்:
"வானத்தின் மகள் துணி செய்கிறாள், தயவுசெய்து."
அந்தத் தயவுசெய்துக்கே பத்து நிமிடம் சிரித்தார்கள்.

பண்டிகையின் பெயர் தானபாத்தா என்றேன்.
"தானாப் பாத்தாளா? யாரக்கா? எதை?"
மாடு மேய்க்கிறவனை, என்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
பார்த்தாள், கட்டிக்கொண்டாள்,
தறியை மறந்தாள். அவன் மாட்டை மறந்தான்.
கோபத்தில் ராஜா
பால்வீதியை நடுவே இழுத்துவிட்டுப் பிரித்துவைத்தார்.
வருடத்தில் ஒரே இரவு, ஏழாம் மாதம் ஏழாம் தேதி,
பறவைகள் சிறகு கோத்துப் பாலம் போடும்.
எந்தப் பறவை என்று கைபேசி திக்கியது.
காக்கா என்று அவர்களே முடித்துவைத்தார்கள்.

சௌடேஸ்வரி படத்தின் மேல் குனிந்தாள்.
"பாவு இருக்கு. ஊடை எங்க? மிதிய வரையவே இல்ல.
இந்தத் தறியில ஒரு முழம்கூட நெய்ய முடியாது."
அப்புறம், நிமிராமலே,
"அந்த ராஜாகிட்ட அட்வான்ஸ் வாங்கியிருந்தாளா?"

கைபேசியில் அதற்குப் பக்கம் இல்லை.

அந்த மேய்ப்பன் எந்த நட்சத்திரம் என்று தேடினேன்.
நம் பஞ்சாங்கத்தில் திருவோணமாம்.
"அது என் நட்சத்திரம்!" என்று எழுந்து நின்ற யுகேந்திரனை
அன்று மாலை முழுக்க எல்லோரும் மாடே என்று கூப்பிட்டார்கள்.
அவன் அதைப் பட்டம்போல் வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை.
மூங்கில் கிளையில் வேண்டுதல் எழுதிய தாளைத் தொங்கவிட வேண்டும்.
பந்தல்காரர் கொடுத்த கழியில் இலையே இல்லை.
வண்ணத் தாள் வாங்க நூலகக் கணக்கில் காசும் இல்லை.
யாசீன் வீட்டிலிருந்து ஒரு கட்டு எடுத்துவந்தான்,
டிசைன் மாறிப்போன ஜக்கார்டு அட்டைகள்,
நீள நீளமாய்,
நூல் கோக்க ஓட்டை தயாராய்.

எழுதினார்கள்.
சைக்கிள். கணக்கில் முப்பத்தஞ்சு.
ஏற்காட்டுக்கு ஒரு தடவை, வாந்தி எடுக்காமல்.
"தம்பி என் பென்சிலைத் தின்னக் கூடாது."
யாசீன்: கரண்ட் போகவே கூடாது, பீஸ் முடியணும்.
சௌடேஸ்வரி: ராத்திரி கரண்ட் போகணும், அப்பா தூங்கணும்.
இரண்டும் ஒரே கணுவில்,
காற்றில் ஒன்றையொன்று தட்டிக்கொண்டு.
நானும் ஓர் அட்டை கட்டினேன், எழுத்தை உள்பக்கம் திருப்பி.

ஆறரைக்குத் தூறல். ஏழுக்குக் கொட்டியது.
மழை வந்தால் ஆறு பெருகும், பாலம் நிற்காது,
இன்னும் ஒரு வருடம்.
கதையின் அந்தப் பக்கத்தை
நான் சனிக்கிழமை சொல்லாமல் விட்டிருந்தேன்.
இப்போது சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

பட்டென்று கரண்ட் போனது.
தெருவில் எல்லாத் தறியும் ஒரே மூச்சில் நிற்க,
கூரையில் மழை விழும் சத்தம்
அத்தனை பெரிதென்று அப்போதுதான் தெரிந்தது.
இருட்டில் ஒரு சின்னக் கைதட்டல்.
உடனே, "ஐயோ, பீஸு" என்று இன்னொரு குரல்.
பிறகு யாரும் பேசவில்லை.

கழி நனைந்துகொண்டிருந்தது.
கொண்டுவந்து உள்ளே வைக்கலாமா என்றேன்.
மாடு, மன்னிக்கவும், யுகேந்திரன்
கதவோரம் நின்று மேலே பார்த்தபடி கேட்டான்:
"மழை மேகத்துக்குக் கீழதானக்கா பெய்யும்?
அவங்க அதுக்கு மேலதான இருக்காங்க?"

நான் வாய் திறந்த நேரம் கரண்ட் வந்தது.
முதலில் மூலை வீட்டுத் தறி, பிறகு எதிர் வீடு, பிறகு எல்லாம்.
என்ன பதில் சொன்னேன் என்பது
அவனுக்குக் கேட்டிருக்காது.