ஓரத்தில் பென்சிலால்

கிரிம்ஸ்பியில் காற்று மீன்வாடையோடுதான் வரும்.
மூன்று இரும்புக் கதவு தாண்டியும் வரும்.
இடுப்புச் சங்கிலியில் திறப்புகள் குலுங்க
செவ்வாயும் வியாழனும்
சிறை நூலகத்தைத் திறப்பவள் நான்.
தாள் கிழிந்த வேதாகமங்கள், சட்டம், நாய் வளர்ப்பு,
கொஞ்சம் காதல்.
மீதி எல்லாம் கொலைக்கதை.

அதிகம் இரவல் போவது ஒரு தடித்த நாவல்.
லஞ்சம் வாங்கும் சிறை அதிகாரியின் கதை.
அவனுக்குக் கன்னத்தில் தழும்பு, ஒரு தங்கப் பல்,
சாராய மூச்சு.
திறப்புக்கொத்தைச் சுழற்றியபடிதான் உள்ளே வருவான்,
வரும்போதெல்லாம் வெளியே மழை பெய்யும்.
யார் கெட்டவன் என்று
வாசிக்கிறவன் தேட வேண்டியதில்லை.

இங்கே பி பிரிவின் ஸ்கெல்டனுக்குத் தழும்பு இல்லை.
எலுமிச்சைக் கேக் கொண்டுவருவார்.
மகளின் கணிதப் பரீட்சை எப்படிப் போனது என்பார்.
யோகாம்பிகை என்ற என் பெயரை
முழுதாய்ச் சொல்லப் பழகிய ஒரே ஆள்.

திரும்பி வந்த நாவலைத் துடைத்து அடுக்கும்போது
நூற்றெண்பத்தேழாம் பக்கத்து ஓரத்தில்
பொடிப்பொடியாய்ப் பென்சில் எழுத்து:

புகையிலை, ஒரு பொட்டலம், நாற்பது பவுண்.
சிம் அட்டை, நூற்றைம்பது.
ஜன்னல் உள்ள அறைக்கு மாற, இருநூறு.
மாற்றாமல் விட, இருநூறு.

மளிகைக்கடைக் கொப்பியின் நேர்த்தி.
விலை ஏறிய இடத்தில் பழையதை வெட்டி
மேலே புதியது.
நாலைந்து பேரின் கை, வேறுவேறு சாய்வு.
அச்சில் அந்த அதிகாரி அப்போதுதான்
முதல் காசைத் தொப்பிக்குள் வாங்குகிறான்.
கதையில் மலிவு.

பக்கத்தைத் திருப்பினேன்.
இரவு மாத்திரை, இருபது.
ஒரு மணிநேரம் கதவைப் பூட்ட மறக்க: நேரில் பேசவும்.
அதற்கும் கீழே, கடைசியாய்:
நூலகக்காரி, ஒன்றுமில்லை. பார்க்கமாட்டாள்.

ஹீட்டர் டக் டக்கென்று சூடேறிக்கொண்டிருந்தது.
இந்த நாட்டில் இருபத்தாறு வருஷம்.
ஒருத்தரும் என்னை இவ்வளவு சரியாய் நிறுத்துப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமைகளில் தள்ளுவண்டி கனத்தது
எனக்குத் தெரியாதா?
பெரிய உலகப்படப் புத்தகத்தின் முதுகு
பிரிந்து பிரிந்து ஒட்டியிருந்தது?
"உங்களுக்கு நாரி வலிக்கும், விடுங்கள்" என்று
ஸ்கெல்டனே அதைச் சுமந்து போவார்.
கனிவு என்று எடுத்துக்கொண்டேன்.
எடுத்துக்கொள்ள வசதியாய் இருந்தது.

போன மாதம் கீரன் வந்தான். பத்தொன்பது வயது.
தமிழில் எழுதினால் பழைய ஏட்டுப் பெயர் போலிருக்கும்;
பையனோ மீன்பிடித் துறையில் பெட்டி தூக்கியவன்.
இடது கண் நீலமாய் மூடியிருந்தது.
படியில் விழுந்தானாம்.
நாவலை மேசையில் வைத்து,
"மிஸ், கடைசி அத்தியாயம் இல்லையே" என்றான்.
யாரோ கிழித்துச் சுருட்டாக்கி ஊதிவிட்டார்கள்.
"பிடிபட்டிருப்பான், கதைதானே" என்றேன்.
வெடித்த உதட்டைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
அவனுக்குத் தேதி முத்திரை குத்திக் கொடுத்தேன்.
அவ்வளவுதான் கொடுத்தேன்.
அடுத்த வியாழன் பெயர்ப்பட்டியலில் அவன் இல்லை.
மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எங்கே என்று
நான் கேட்கவில்லை.

"தவறு கண்டால் சொல்லுங்கள்" என்ற சுவரொட்டியை
நாலு ஊசி வைத்து ஒட்டியதும் ஸ்கெல்டன்தான்.
கீழே இருக்கும் தொலைபேசி எண்ணைக்
கேக் டப்பா மறைக்கிறது.

இழுப்பறையில் அழிறப்பர் இருக்கிறது. பென்சிலும்.
'ஒன்றுமில்லை' என்ற சொல்லை வெட்டினேன்,
அவர்கள் வெட்டுவதைப் போலவே, ஒரே கோடு.
மேலே எழுத ஒன்றும் வரவில்லை.

தாழ்ப்பாள் சத்தம்.
"யோகாம்பிகை, இன்றைக்குச் சீனி குறைவு" என்று
டப்பாவை நீட்டியபடி உள்ளே வருகிறார்.
வெளியே நல்ல வெயில்.
புத்தகத்தை மூடினேன்.
விரல் மட்டும்
அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது.