எச்சமும் முற்றும்

பினாங்கு, லைட் தெரு நீதிமன்றம், மூன்றாவது அறை.
ஏர்கோன் என் பிடரியிலேயே ஊதுகிறது.
காப்புறுதி நிறுவனத்தின் வக்கீல்
விசாரணை ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்றார்.
மலாய் என்றால் என் வேலை பாதி.
பெர்கி என்றால் பெர்கி,
நேற்றும் அதுதான் நாளையும் அதுதான்,
முடிந்துபோயிருந்தால் முன்னால் ஒரு சுடா.

கூண்டில் புஷ்பலீலா.
"ஞாயித்துக்கிழமைன்னா அவரு மீன் பிடிப்பாரு."

பிடிப்பார்.
எதிர்காலம் என்றுதான் பள்ளியில் படித்தேன்.
ஆனால் ஒரு மனிதனின் எல்லா ஞாயிறும்
அந்த ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்துகொள்ளும்,
போனவையும் வரப்போகிறவையும்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு.
ஆங்கிலத்தில் இடம் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.
ஃபிஷ்ஷஸ் என்றால் இன்னும் உயிரோடிருக்கிறார்.
வில் ஃபிஷ் என்றால் அடுத்த வாரம் போவார்.
"ஹி யூஸ்ட் டு ஃபிஷ்" என்றேன்.
தட்டச்சு ஓடியது.

அவள் சட்டென்று என்னைப் பார்த்தாள்.
ஆங்கிலம் அதிகம் தெரியாதவள்தான்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினோரு வருடம்;
யூஸ்ட் என்றால் பழசு என்று
அட்டைப்பெட்டிகளில் படித்திருப்பாள்.

பிறகு அந்தக் கேள்வி.
கடைசியாகக் கணவர் என்ன சொன்னார்?

"போயிட்டு வரேன்னாரு."

ஐ ஆம் கோயிங், அவ்வளவுதானே, என்றார் வக்கீல்.
படகுத்துறையில் தூண்டில் கிடந்தது,
இரைப்பெட்டி வீட்டிலேயே இருந்தது.
போகிறேன் என்றால் ஒரு முடிவு,
திரும்பி வருவேன் என்றால் வேறொன்று,
நடுவே ஒரு லட்சத்து இருபதாயிரம் ரிங்கிட்.

நான் சத்தியம் செய்தவள்.
போயிட்டு, எச்சம்.
தன்னால் முடியாமல் இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்பது.
வரேன், அதுதான் முற்று.
இலக்கணப்படி அவர் சொன்னது வருவதைத்தான்,
போவது வழியில் ஒரு சின்ன வேலை.
ஆனால் யார் அதை எண்ணிச் சொல்கிறார்கள்?
அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் சொல்வார்,
மூன்று வருடச் சிறைக்குப் போகிறவர் சொல்வார்,
என்னை விட்டே போன ஒருவர்கூட
செருப்பை மாட்டிக்கொண்டே அதைத்தான் சொன்னார்.
வெறும் போறேனுக்கு நமக்கு வாய் வராது.

இதெல்லாம் சொல்ல மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை.

"ஹேவிங் கான், ஐ கம்."

இது ஆங்கிலமா என்று வக்கீல் சிரித்தார்.
இல்லை என்றேன்.
மரண விசாரணை அதிகாரி பேனாவை நிறுத்தினார்.
எப்படி எழுதட்டும்?
அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் தமிழையும்.
எழுதினார், மலாய் எழுத்துக்கூட்டலில்,
ஒரு எழுத்து விட்டுப்போயிற்று.
பதினான்காம் தேதிக்குத் தள்ளிவைத்தார்.

மின்தூக்கி வாசலில் புஷ்பலீலா காத்திருந்தாள்.
"அக்கா, அந்த யூஸ்ட்ட மட்டும் எடுத்துட முடியுமா?"
பதிவில் ஏறியது ஏறியதுதான்
என்று சொல்ல வாய் திறந்தேன்.
மின்தூக்கி வந்துவிட்டது.
கதவு மூடும்போது,
"வரேன்க்கா."