பதினொரு வகை ‘ம்’

நாகலூர் போகும் வழியில்
ஒரு காப்பித் தோட்டத்து எடைக்கொட்டகை.
பழம் பறிக்கும் பருவம் முழுக்க
ஒலிப்பதிவுக் கருவியை அதன் இரும்புத் தூணில் கட்டிவைத்தேன்.
நாற்பத்தோரு மணி நேரம்.
சேலத்துக்கு இறக்கி வந்து
அஞ்சு ரோட்டு வாடகை அறையில்
மின்விசிறியை நிறுத்திவிட்டு
‘ம்’களைப் பொறுக்கினேன்.

கேட்டேன் என்கிற ம்.
கேட்டேன், ஏற்கவில்லை என்கிற ம்.
மேலே சொல் என்பது. போதும் என்பது.
மூட்டையை இறக்கும்போது இடுப்பிலிருந்து வருவது
(இதைச் சேர்ப்பதா என்பதில்
நானும் மெகருன்னிசாவும்
இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை).
கணக்கெழுதும் தைரியநாதனுக்கென்றே ஒன்று,
மூக்கோடு நின்றுவிடும்.
பதினொன்று தேறின.

உயிர் ஏறாத மெய்
தனியே நின்று சொல்லாகாது என்று
பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவள்தான் நானும்.
ஒற்றுக்கு அரை மாத்திரை.
பாதிக் கண்ணிமைப்பு.
அதற்குள் இவர்கள்
ஒரு நாள் கூலியை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

இருபத்தொன்பதாவது கோப்பு.
தை மாதம்.
வெயிலில் கூரைத் தகரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம்.
“முப்பத்தி நாலு. கூடைக்கு ரெண்டு.”
கூடைகள் போய்ச் சாக்கு வந்து
இரண்டு வருடம் ஆகிறது.
கூடைக்கு ரெண்டு மட்டும் போகவில்லை.
அந்த இடத்தில் வரவேண்டியது ஏழாம் வகை.
அதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு முறை
பிசகாமல் வந்திருக்கிறது.

பொன்னுருவி சொல்லவில்லை.

திரையில் அலைக்கோடு படுத்துக் கிடக்கிறது.
தராசுக் கொக்கி ஆடுகிறது.
யாரோ ஒருத்தியின் வளையல்.
கீழே எங்கோ ஒரு ஜீப் கியர் மாற்றுகிறது.
நாலேகால் நொடி.
பிறகு ஒரு செருமல்,
பென்சில் தாளைக் கீறும் ஒலி,
“சரி... முப்பத்தி நாலு.”

அடுத்து சின்னத்தாயி. அவளும்.
அதற்கடுத்து, எனக்கு அடையாளம் தெரியாத ஒரு குரல்,
குரல் என்று எழுதிவிட்டேன், அடித்துவிடுகிறேன்.
அன்று விளக்கு வைக்கும்வரை வரிசை முழுக்க.

மெகருன்னிசா அந்தக் கட்டங்களை
வெறுமையாக விட்டிருந்தாள்.
நான் சிறு கோடு போட்டிருந்தேன்.
எங்கள் இருவரின் ஒத்துப்போகும் விகிதம்
அந்தப் பக்கத்தில் மட்டும் சரிந்து விழுந்தது.
நெறியாளர் சொன்னார்,
ஒலிக்காததை எப்படி எண்ணுவாய்,
அந்தக் கோப்பை எடுத்துவிடு.
நான் பதில் பேசவில்லை.
“என்ன, சரிதானே?”
அதற்கும்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்துப் பார்த்தார்.
எத்தனை நொடி என்று
குறித்துக்கொள்ளத் தவறிவிட்டேன்.

ஒப்புதல் படிவத்தோடு மறுபடி மலையேறினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
ஓட்டுநர் ஹாரன் அடித்தார்,
எதிரே வருகிறவனுக்கும்
யாரும் வராத இடத்துக்கும் ஒரே மாதிரி.

பொன்னுருவி குழாயடியில் சாக்கு அலசிக்கொண்டிருந்தாள்.
படித்துக் காட்டினேன்.
‘தாங்கள் கூறியவற்றை ஆய்வில் பயன்படுத்த
முழு மனதுடன்...’
“நாந்தான் ஒண்ணுமே சொல்லலீங்களே.
எதுக்குங்க கையெழுத்து?”

பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன்.
கொட்டகைப் பக்கமிருந்து
எடை கூப்பிடும் சத்தம்: இருபத்தெட்டு.
அதன் பின்னால் கூடை வரவில்லை.
யாரோ ‘ம்’ என்றார்கள்.

“கேட்டீங்களா?” என்றேன்.
அவள் குழாயை மூடிவிட்டு
“எதைங்க?” என்றாள்.