நாலு மணி வரைக்கும்

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாயிற்று.
"ரிப்போர்ட் நாலு மணிக்குத்தான் சார்" என்றாள்
ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திய பெண்.
மணி பத்தரை.
சட்டைப்பையில் முந்நூற்று நாற்பது ரூபாய்.
தலைஞாயிறுக்குத் திரும்பும் பஸ்காசு
தனியாக மடித்து, உள்பையில்.

பழகிய கணக்குதான்.
பதினோரு வருஷமாகக் கப்பல் நின்ற ஊரிலெல்லாம்
எனக்கு வாய்த்தது
நாலைந்து மணி நேரமும்
செலவழிக்க மனசு வராத நாணயங்களும்.

ஸ்காட்லாந்தில், இன்வர்கார்டனில்,
பயணிகள் ஏரி பார்க்கச் சொகுசு பஸ் ஏறினார்கள்.
ஒரு தலைக்கு என் மூன்று நாள் சம்பளம்.
நானும் ரொமெல்லும் நடந்தோம்.
ஒரே தெரு, சுவரெல்லாம் ஓவியம்.
தர்மக் கடையில் ஒரு பவுனுக்கு ஸ்வெட்டர்,
அக்குளில் கிழிசல், கம்பளி அசல்.
நூலகத்தில் ஓசி இணையத்தில்
மகளின் காதுகுத்தைப் பார்த்தேன்.
தட்டான் கை உயர்ந்த இடத்தில்
படம் உறைந்துவிட்டது.
வெளியே வந்தால் வளைகுடா முழுக்க
வேலையில்லாத எண்ணெய்க் கோபுரங்கள்
காலை நனைத்துக்கொண்டு நின்றன.

நாகப்பட்டினத்துக்கு
எத்தனை முறை வந்திருப்பேன்:
கலெக்டர் ஆபீஸ், பெரியாஸ்பத்திரி,
அப்பாவின் பயிர்க்கடன் பஞ்சாயத்து.
வந்திருக்கிறேன். இறங்கியதில்லை.
இன்றைக்கு இங்கே கப்பல் கட்டியிருக்கிறது
என்று வைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஆட்டோக்காரர்
முதுகுப்பையில் கம்பெனி முத்திரையைப் பார்த்து
இந்தியில் கூப்பிட்டார்.
வேளாங்கண்ணி, நாகூர், சிக்கல்,
மூன்றும் சேர்த்து ஆயிரத்து இருநூறு.
பதில் சொல்லவில்லை.
வாயைத் திறந்தால் ஊர்க்காரனாகிவிடுவேன்.

சந்துக் கடையில் நாலு இட்லி.
சாம்பார் வாளி என் பக்கமே நின்றது.
பிறகு மீன்பிடித் துறைமுகம் வரை நடை.
ஐஸ் உடைக்கிற சத்தம்,
டீசல், மத்தியின் வாடை.
கூடைக்காரம்மா ஒருத்தி நிமிர்ந்து
"யாரைப் பாக்கணும்?"
"யாரையும் இல்ல. சும்மா."
"சும்மாவா?"
குழுக்கடன் வசூலுக்கு வந்தவன் என்று
நினைத்திருக்க வேண்டும்.
பக்கத்திலிருந்தவள் சேலையை உதறி எழுந்து
வலைக் குவியலுக்குப் பின்னால் போய்விட்டாள்.
அவளிடம் என்ன சொல்லியிருக்கலாம் என்று
நாகூர் பஸ்ஸில் உட்காரும்வரை
யோசித்துக்கொண்டிருந்தேன்.

தர்காவில் நிழல் இலவசம், புறா இலவசம்.
வெளியே வாடா இரண்டு,
மேலே ஒற்றை இறால் குப்புறப் படுத்திருந்தது.
ரொமெல் இருந்திருந்தால் அதைப் படமெடுத்து,
படமெடுத்த பிறகு என்னுடையதையும் தின்றிருப்பான்.
வீட்டுக்கு அல்வா, கால் கிலோ.

வெட்டாற்றுப் பாலத்தில் காற்று.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
கல்லணையில் பிரிந்து, மதகுமதகாக
கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு
இங்கே வரும்போது
உப்புத்தண்ணீரில் ஒரு மங்கிய செம்மண் கோடு.
சில்லறையை எண்ணிக்கொண்டுதான்
அதுவும் துறைமுகம் சேர்கிறது.

எங்கள் கடைமடை வயலுக்கு
இந்தக் கோடுகூட வராத வருஷத்தில்தான்
நான் முதல் கப்பல் ஏறினேன்.
இதை நினைப்பதாகத் திட்டமில்லை.
இட்லி, துறைமுகம், புறா
என்றுதான் போட்டிருந்தேன்.

நேரத்துக்கு ஒரு மணி முன்னால் திரும்பிவிடு;
கப்பல் யாருக்காகவும் நிற்காது.
மூன்று மணிக்கே லேப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
கையில் எழுபத்தைந்து ரூபாய் மிச்சம்.

"குழந்தைவேலு, முப்பத்தொம்பது?
சர்க்கரை எல்லைக்குள்ள இருக்கு."
அல்வாப் பொட்டலத்தை மெல்ல
முதுகுக்குப் பின்னால் நகர்த்தினேன்.
"வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்களா சார்?"
"இல்லம்மா. நாகப்பட்டினம் போயிருந்தேன்."

என்னைப் பார்த்தாள்.
எதையாவது கவனிக்காமல் விட்டோமா என்று
தாளை மறுபடி
மேலிருந்து படிக்கத் தொடங்கினாள்.