இடது கார்னர்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
பாத்திரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே
எட்டடி அகலத்தில் இருக்கிறது என் வேலை.
குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து
வருகிறவர் கணுக்காலைப் பிடிப்பேன்.
அதற்கு முன் பதினேழு வருஷம் செய்ததும் அதுதான்.
அப்போது திமிறினார்கள்,
இப்போது விலை கேட்கிறார்கள்.

சேவுகன், இடது கார்னர்.
மைக்செட்காரர் வைத்த பெயர் உடும்பு.
கல்லலில் பத்தாயிரத்து ஒன்று.
கண்டனூரில் பரிசு கொடுப்பதற்குள் மழை.
புதுவயலில் ஒரு கிடாய்,
ஏழு பங்கு வைத்தோம்,
ஈரலுக்கு மட்டும் கோச் சண்டைக்கு வந்தார்.

மாநில அணியில் மூன்று வருஷம்.
மின்வாரியத்தில் எடுத்துவிடுவோம் என்றார்கள்,
ஆர்டருக்கு முன்னால் முழங்கால் ஜவ்வு முந்திக்கொண்டது.
மதுரை டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து
"வயசு?" என்றார்.
முப்பத்திரண்டு.
"முட்டிக்கு அறுபது."
டிவியில் மேட் விரித்து
ஆளை ஏலம் விட்டபோது
லெதருக்கும் ரெக்ஸினுக்கும் வித்தியாசம்
மோந்து பார்த்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய், சாப்பாட்டு நேரம்.
பல்கலைக்கழக ஃபைலோடு ஒரு பெண்.
"அப்பாவுக்கு எம்.சி.ஆர். செருப்பு வேணும், சுகர்."
நான் முகத்தைப் பார்க்கவில்லை.
ஆட்டத்திலும் பார்த்ததில்லை.
வலது காலை எடுத்துத் தொடைமேல் வைத்தேன்.
பெருவிரல் இல்லை.
கணுக்காலின் உள்பக்கம்
எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.
எனக்கு முன்னால்
என் கைக்குத் தெரிந்துவிட்டது.

தேவகோட்டை. இராத்திரி ஒன்றரை.
மரத்தூள் கலந்த செம்மண்,
ஃபோகஸ் லைட்டைச் சுற்றி விட்டில்.
தெர்மல் அணி சூசைமாணிக்கம்
அந்தப் பெருவிரலை போனஸ் கோட்டுக்கு அப்பால்
நாக்கைத் துருத்துவதுபோல நீட்டுவான், இழுப்பான்.
ஒன்பது தடவை கூட்டம் சிரித்தது,
என்னைப் பார்த்து.
பத்தாவது தடவை பிடித்தேன்.
விசில் ஊதினார்கள்.
விசில் எனக்குக் கேட்டது.
அதற்குப் பிறகும் அரை நொடி விடவில்லை.
முறுக்கினேன்.
மைக்கில் உடும்பு உடும்பு என்று அலறல்,
அதற்குள்ளே, சின்னதாக,
சுள்ளி ஒடிகிற சத்தம்.

அடுத்த வாரம் அவனுக்கு ரயில்வே செலக்‌ஷன் இருந்ததாம்.
விசில் கேட்கலை சார் என்று நடுவரிடம் சொன்னேன்.
பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.
என் வீட்டுக்காரிக்கும்
அதே வாக்கியம்தான்.

வாரை இழுத்துக் கட்டி "அழுத்துதா?" என்றேன்.
"தெரியலை."
இன்னும் இழுத்தேன். "இப்ப?"
"அந்தக் கால்ல உணர்ச்சி போய் நாளாச்சு.
நீங்களே பாத்துக் கட்டுங்க."

சிவகங்கைச் சீமையில் ரெய்டர்கள் பேர் சொல்லி ஒதுங்கிய பிடி.
கால் அதைக் கண்டுகொள்ளவில்லை.
விசில் என்ற சொல் தொண்டைவரை வந்தது,
"இதுல வேற கலர் இருக்கா?" என்றாள் மகள்.
பிரவுன் இருக்கிறது என்றேன்.

எழுந்து கண்ணாடிவரை நாலு எட்டு,
திரும்பி நாலு எட்டு நடந்தார்.
உட்கார்ந்து
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இன்னும் கட்டைவிரல உள்ள மடக்கித்தான் பிடிக்கிறீங்க."

"தெரிஞ்சவராப்பா?"
"செருப்புக்கடைக்காரரும்மா."

எண்பது ரூபாய் குறைக்கச் சொன்னார்.
நூறு குறைத்தேன்.
எண்ணிப் பார்த்துவிட்டு
இருபதைத் திருப்பி மேஜைமேல் வைத்தார்.

ஸ்டூலிலிருந்து எழ எனக்கு நேரமாகும்.
எழுவதற்குள் முதல் பீட் பக்கம் பஸ் ஏறியிருப்பார்கள்.
பழைய செருப்பை விட்டுப் போயிருந்தார்.
இடது கால் செருப்பு ஒழுங்காக, ஒரே சீராக.
வலது,
வெளி ஓரம் மட்டும் தேய்ந்து
பிளேடு மாதிரி.