குணம்மா

பெயர் குணபூஷணம்.
அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டருக்கு வெளியே
அதை முழுசாகச் சொன்னவர்கள் யாருமில்லை.
வண்ணாரப்பேட்டையிலிருந்து காசிமேடு வரைக்கும்
குணம்மா.

ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர்
கட்டில் பக்கம் குனிந்து
"என்னப்பா, குணம் ஆச்சா?" என்று கேட்டால்
அம்மா முந்திக்கொள்வாள்:
"நான் பொறந்தப்பவே குணம் சார்,
இவருக்குத்தான் இன்னும் ஆவல."
குடல்வால் எடுத்த ஆள்
தையலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.
"சிரிக்க வைக்காதம்மா, வலிக்குது."
"வலிச்சா உசுரு இருக்குன்னு அர்த்தம். நல்லா சிரி."

ஊசிக்கு அவளிடம் ஒரு கணக்கு உண்டு.
மூணு சொன்னதும் போடுவேன், கண்ணை மூடிக்கோ.
ஒண்ணு.
ரெண்டு என்னும்போதே
பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.
மூணு எங்கே என்று அழுகிற பிள்ளையிடம்
"அது பாக்கி. அடுத்த தபா வந்து வாங்கிக்கோ."
எனக்கும் அதே ஏமாற்று.
என் மகனுக்கும்.

வீடு கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம்.
நைட் டூட்டி முடிந்து வருகிறவளை
தினமும் ஒரு கூட்ஸ் வண்டி நிறுத்தி வைக்கும்.
பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்பாள்.
"இன்னிக்கு அம்பத்தெட்டு.
எனக்கு வந்த சீர்வரிசைகூட இவ்ளோ நீளம் இல்ல."
வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு
மத்தி வாங்கி வருவாள்.
டெட்டால் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து
மாரில் குத்திய வாட்சைப் பார்ப்பாள்.
நான் அசையாமல் படுத்திருப்பேன்.
"எழுபத்தாறு. நடிக்கிறா."

நான் பெரியவளான அன்றைக்கு அவள் இல்லை.
பக்கத்து வீட்டு மெஹராஜ் அக்காதான்
துணி கொடுத்து, சுடச்சுட டீ கொடுத்து
கூட உட்கார்ந்திருந்தாள்.
பிரசவ வார்டில் அம்மா கையில்
அன்று ஏழு பிள்ளைகள் பிறந்தன.
அந்த ஏழு பேர் மேலும்
எனக்கு ரொம்ப நாள் கோபம்.
இதை ஒருமுறை அவளிடம் சொன்னேன்.
அதற்கு மட்டும் அவளிடம் ஜோக் இல்லை.
மீன் ஆய்ந்த கத்தியைக் கழுவினாள்,
மறுபடி கழுவினாள்.

முனிரத்தினம் வந்திருந்தான் சாவுக்கு,
ஆள் உயர மாலையோடு.
வெட்டுப்பட்டு வந்த ராத்திரி
நான் யாரு தெரியுமா என்று கத்தினானாம்.
"ஏன் தெரியாது?
பதினாலு தையல். ஷீட்டுல எழுதியிருக்கே."
சட்டையைத் தூக்கி
தெருப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்,
எண்ணிப் பார்த்துக்கங்கடா என்று.

கடைசி ராத்திரி
அவள் வேலை பார்த்த அதே வார்டு.
மூச்சு நின்று நின்று வந்தது.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
என் வாட்சைப் பார்த்தேன்.
நர்ஸ் மகளுக்கு நாடி பார்க்கத் தெரியாது,
மூச்சை எண்ணினேன்.
ஒண்ணு.
ரெண்டு.
டூட்டியில் இருந்த சிஸ்டர், சின்னப் பெண்,
என் தோளைத் தொட்டபோது
நான் இன்னும் காத்துக்கொண்டிருந்தேன்.
பாக்கி வைத்துவிட்டாள்.

மூலக்கொத்தளத்துக்குக் கிளம்பினோம்.
கேட் போட்டிருந்தது.
மேளக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள்.
வண்டியில் பூவெல்லாம் வெயிலில் வாட
கூட்ஸ் ஊர்ந்தது.
கூட வேலை பார்த்த அலமேலு ஆயா
மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:
"இன்னிக்கும் லேட்டு. செவப்பு மை போட்டுடப் போறாங்க குணம்மாவுக்கு."
யார் முதலில் சிரித்தது தெரியவில்லை.
மேளக்காரரும் சிரித்தார்.
எனக்குப் புரையேறியது.

நாற்பத்தொன்பது என்றேன் மகனிடம்.
இல்லம்மா, ஐம்பது,
இன்ஜினை விட்டுட்டே என்றான்.
இன்ஜினை யாருடா எண்ணுவா?
ஆயா எண்ணும்.
எண்ணாது.

கேட்டைத் தூக்கி
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தபோதும்
நாங்கள் சண்டையை முடிக்கவில்லை.